டூரெட் நோய்க்குறி: நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்

மருந்தின் அளவை மட்டும் இங்கே கேட்காதீர்கள்; நோயாளியைப் பார்க்காமல் அதைச் சொல்வதற்கில்லை. மற்றவற்றுக்கு என்னால் இயன்றவரை பதில் தருகிறேன்.

கேள்வி: டாக்டர், என் ஏழு வயது மகன் நான்கு மாதங்களாகக் கண்ணை ஓயாமல் சிமிட்டுகிறான். கண்ணில் குறையில்லை என்றார்கள். இப்போது தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமுகிறான். இது டூரெட் தானா?

பதில்: இப்போதே அப்படிச் சொல்லிவிட முடியாது, அம்மா. வேண்டுமென்று செய்யாமல் திரும்பத் திரும்ப வரும் திடீர் அசைவையோ ஒலியையோ டிக் என்கிறோம். குறைந்தது இரண்டு அசைவு டிக்குகளும் ஓர் ஒலி டிக்கும் இருந்து, முதல் டிக் தோன்றி ஓராண்டு கடந்து, அது 18 வயதுக்கு முன் தொடங்கியதாகவும், மருந்தோ வேறு நோயோ காரணம் அல்லாததாகவும் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டுவோம். இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நீங்கள் சொல்லும் வரலாறுதான் எங்களுக்கு ஆதாரம். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பல பிள்ளைகளுக்கு டிக் வராமல் போய்விடும் என்பதால், வீட்டில் அவன் இயல்பாக இருக்கும்போது இரண்டு நிமிடக் காணொளி எடுத்துச் செல்லுங்கள். ‘சிமிட்டாதே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. என் மாணவன் ஒருவன் வகுப்பில் அமைதியாக இருந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் ஒலி எழுப்பித் தீர்க்கிறானாம். அப்படியானால் அவனால் கட்டுப்படுத்த முடியும் என்றுதானே பொருள்?

பதில்: சிறிது நேரம் முடியும், தும்மலை அடக்க முடிவதைப் போல. டிக் வருவதற்கு முன் கழுத்திலோ தொண்டையிலோ கண்ணோரத்திலோ ஓர் உறுத்தல் கிளம்பும்; டிக்கைச் செய்தால்தான் அது தணியும். உங்கள் வகுப்பில் அமைதியாக இருக்கும் மாணவன் தன் கவனத்தில் பாதியை அந்த உறுத்தலுக்குக் காவல் வைத்திருக்கிறான். ஒரே வரியை மூன்று முறை படித்தும் அது மனத்தில் ஏறாமல் இருக்கலாம். அனுமதி கேட்காமல் வெளியே போய்வர விடுங்கள், தேர்வுக்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் கொடுங்கள். ‘அடக்கு’ என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: கைபேசி பார்ப்பதால் வருகிறதா?

பதில்: இல்லை. மரபணுக்களுக்கும், அசைவுகளை வடிகட்டும் மூளைச் சுற்றுப்பாதைகளுக்கும் இதில் பங்குண்டு.

கேள்வி: நான் மேடை நகைச்சுவை எழுதுகிறேன். கெட்ட வார்த்தை கத்தும் நோய் என்றாவது மக்களுக்குத் தெரிந்திருக்கிறதே, அதுவும் விழிப்புணர்வு தானே?

பதில்: அல்ல. அந்த அறிகுறி ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதத்தினரிடம்தான் காணப்படுகிறது. ஆனால், 1825இல் இட்டார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு பிரபுக்குலப் பெண்ணைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே அதுதான் பேசுபொருள். 1885இல், இந்த நோய்க்குறிக்குப் பெயர் தந்த மருத்துவர் ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளை விவரித்தபோதும் அந்தப் பெண் அவர்களில் இடம்பெற்றார். விளைவு என்னவென்றால், ‘என் பிள்ளை கெட்ட வார்த்தை பேசுவதில்லையே’ என்று சொல்லியே பெற்றோர் பல ஆண்டுகளைக் கடத்துகிறார்கள்.

குறுக்கீடு (அந்த அறிகுறி உள்ள ஒருவர்): டாக்டர், ‘பத்து சதவீதம்தான்’ என்று நீங்கள் எல்லோரும் சொல்லும்போது, மற்றவர்களின் மானத்தைக் காக்க என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது போலிருக்கிறது.

பதில்: அந்த எண் நோயைக் கண்டறிவதற்கு உதவுவது, யார் மதிப்புக்குரியவர் என்று பிரிப்பதற்கு அன்று. விழிப்புணர்வு முதலில் சேர வேண்டியதே உங்களைச் சுற்றியுள்ளவர்களிடம்தான், ஏனெனில் அந்தச் சொற்கள் உங்கள் கருத்தும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. சைகை மொழி பேசும் காது கேளாதவர்களிடம் இதே அறிகுறி சைகையாகவே வெளிப்பட்டது பதிவாகியிருக்கிறது.

மேடை எழுத்தாளர்: டூரெட் உள்ளவர்களே தங்கள் டிக்கை வைத்துச் சிரிக்க வைக்கிறார்களே?

பதில்: அது அவர்களுடைய உரிமை, உங்களுடையது அல்ல. 2023இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் டிக்குகளாலும் குரல் சிக்கலாலும், டூரெட் உள்ள பாடகர் லூயிஸ் கபால்டி பாட முடியாமல் தடுமாறியபோது, கூட்டம் அவருக்காகப் பாடி முடித்தது. எழுதுவதற்கு அதில் எவ்வளவோ இருக்கிறது. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம், காத்திருப்பவர்கள் பலர்.

கேள்வி: கண்டித்தால் நிற்குமா?

பதில்: நிற்காது. மேலே ஆசிரியைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அடக்கினால் பரிசு தருவதாகச் சொன்னால்?

பதில்: அதுவும் ‘அடக்கு’ என்பதுதான், காகிதம் சுற்றியிருக்கிறீர்கள்.

கேள்வி: மருந்தில்லாமல் சிகிச்சை உண்டா?

பதில்: உண்டு. உறுத்தலை முன்கூட்டியே உணர்ந்து, டிக்குக்கு இடம் தராத வேறோர் அசைவைச் செய்யப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையைத்தான் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கிறோம். இது வெறும் அடக்குதல் அன்று, பயிற்சி பெற்றவரிடம் கற்க வேண்டிய திறன். டிக் தொல்லையாக இல்லாத பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாமல் இருக்கலாம். பலருக்கு 10 முதல் 12 வயதில் உச்சத்தை எட்டிப் பிறகு தணிகிறது. டிக்கைக் குறைக்கத் தரப்படும் குளோனிடின் மருந்தை ஏற்கெனவே எடுப்பவர்கள் அதைத் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

கேள்வி: எனக்கு 24 வயது. சென்ற வாரம் திடீரென்று கை உதறத் தொடங்கியது.

பதில்: இது இங்கே பேசித் தீர்ப்பதல்ல. உடனே ஒரு நரம்பியல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு டூரெட் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லலாமா?

பதில்: முதலில் அவளிடம் கேளுங்கள். சரி என்றால், எந்த டிக்கைப் பற்றிச் சொல்வது, அவள் அறையில் இருக்கும்போதா இல்லாதபோதா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் ஆசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த கல்வியாண்டில் மறுபடி கேளுங்கள்.