நடுவட்டம் சிறையும் வெளியே இருந்த தோட்டமும்

கேள்வி: விடுமுறையில் குடும்பத்தோடு நீலகிரியின் நடுவட்டம் போயிருந்தோம். அங்கே வெள்ளைக்காரர் காலத்துச் சிறையைப் பார்த்தோம். இருட்டறை, இரும்புக் கதவு, எலும்பைத் துளைக்கும் குளிர். அன்றைக்குச் சிறை என்றால் பயம் இருந்தது. இன்றைக்குக் கைதிகளுக்குக் கோழிக்கறி போடுகிறார்கள். பழைய கடுமை திரும்பினால்தானே குற்றம் குறையும்?

– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: அந்த அறைகளில் யார் கிடந்தார்கள் என்று அங்கே கேட்டீர்களா? சீனர்கள். வெள்ளைக்காரர்கள் சீனாவோடு நடத்திய அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்று மலையில் சொல்வார்கள். மதராஸ் அருங்காட்சியகத்தின் அதிகாரியாக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890களில் எழுதி வைத்திருப்பது வேறு. சிங்கப்பூர், பினாங்குப் பக்கம் தண்டனை பெற்றவர்கள் அவர்கள். அங்கே சிறைகளில் இடம் போதாமல் மதராஸ் மாகாணத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் நம் நாட்டுக் கைதிகள் எதிர்த்திசையில் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகள் கட்டியது.

குற்றத்தை ஒழிக்கவா இத்தனை கப்பல்? வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, ஐயா. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுக்க 1860 வாக்கில் சிங்கோனா மரம் நீலகிரிக்கு வந்தது. காட்டை வெட்ட வேண்டும், குழி தோண்ட வேண்டும். நீங்கள் பார்த்த சிறை, சிங்கோனாத் தோட்டத்துக்குக் கூலியில்லா ஆட்களைப் பூட்டிவைத்த கொட்டடி.

பயம்தான் இருந்ததா? ஊட்டிக்கு அருகே லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டட வேலைக்கு வைத்திருந்த சீனக் கைதிகளில் சிலர் ஒரு மழை இரவில் தப்பி ஓடினார்கள். தேடிப்போன போலீஸ்காரர்களில் நால்வரின் உடல்கள் சிஸ்பாரா மலைப்பாதையில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. கடுமை அந்த மனிதர்களை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது.

சிறையில் அடைப்பதே தண்டனை என்ற எண்ணத்துக்கு வயது இருநூற்றுச் சொச்சம்தான். அதற்கு முன் சிறை என்பது பெரும்பாலும் விசாரணை முடியும்வரை ஆளை நிறுத்திவைக்கும் இடம். தண்டனை என்றால் கசை, அபராதம், நாடுகடத்தல், தூக்கு. இங்கிலாந்துச் சிறைகளின் நாற்றத்தைச் சிறைச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹோவர்ட் உலகுக்குச் சொன்னது 1777-ல். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில், கைத்தவறாக ஒருவனைக் கொன்றவனைக் கோயிலுக்கு அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைக்கச் சொல்கிறார்கள். நெய்க்காகத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுக்கிறான். சோழர் ஆட்சி கருணையின் ஆட்சி என்று நான் சொல்லவில்லை. தண்டனை என்றதும் பூட்டும் சாவியும் மட்டுமே நினைவுக்கு வருவது நம் காலத்துப் பழக்கம் என்கிறேன். நீங்கள் ஏங்கும் பழைய கடுமைதான் 1908-ல் மலைக்குக் கீழே கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனாரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டியது. அதையும் சேர்த்தா திரும்பக் கேட்கிறீர்கள்?

தர்ஸ்டன் எழுதியதில் நான் மறக்க முடியாதது ஒன்று உண்டு. விடுதலையான சீனர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறினார்கள். தமிழ்ப் பெண்களை மணந்தார்கள். காய்கறி பயிரிட்டார்கள், கொஞ்சம் காப்பி வைத்தார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். நேர்மையாகப் பிழைக்கிறார்கள் என்று அந்த வெள்ளைக்கார அதிகாரியே எழுதினார். இருட்டறைக்குள் நின்று பார்த்த நீங்கள், வெளியே வந்து அந்தச் சரிவையும் ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம். ஒரு காணி மண்ணும் ஒரு குடும்பமும் செய்ததை அந்த இரும்புக் கதவு செய்யவில்லை.

கோழிக்கறிக்கு வருகிறேன். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. ஜாமீனுக்குப் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே இருப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். எந்தக் குற்றத்துக்காக அவர்கள் தட்டிலிருந்து கறியை எடுக்கச் சொல்கிறீர்கள்?