சொன்ன பிறகு கதை ஏன் நிற்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதின்வயதினருக்காக ஒரு நாவல் எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்களின் முதல் காதல். மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அம்மா அழுகிறாள், அடிக்கிறாள். அதன்பின் கதை நகரமாட்டேன் என்கிறது. நான்சி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ நாவலில் இந்தத் தேக்கம் இல்லையே, எப்படி?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

1982இல் வந்த அந்த நாவலில் நாயகி லைசா எதையும் அறிவிப்பதில்லை. கல்லூரி விடுதியில் உட்கார்ந்து காதலி ஆனிக்கு ஒரு கடிதம் எழுதப் பார்க்கிறாள், முடியவில்லை. தனக்குத்தானே ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு முழு நாவலும் தேவைப்படுகிறது. அம்மா நேருக்கு நேர் கேட்கும்போதுகூட இல்லை என்று பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யின் கனம் பிற்பகுதி முழுக்க அவள்மேல் கிடக்கிறது. உங்கள் நாயகிக்கோ மூன்றாம் அத்தியாயத்திலேயே மறைக்க எதுவும் மிச்சமில்லை. கதை நிற்கத்தான் செய்யும்.

இன்னொன்று, காதலுக்கு நீங்கள் இடமே தரவில்லை. லைசாவும் ஆனியும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் சந்திக்கிறார்கள். போர்க்கவசங்கள் வைத்த கூடத்தில், கையில் இல்லாத வாளைச் சுழற்றி இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள் சுற்றி நிற்பவர்களை மறந்து விளையாடும் அந்த ஒரு காட்சி போதும், இவர்கள் பிரிந்தால் என்ன போகும் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் பெண்கள் டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாண்டில் என்ன பேசினார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள்? அதற்கே நாலைந்து அத்தியாயம் கொடுங்கள்.

பிறகு ஒரு தாளில் யாருக்கெல்லாம் தெரியவரும் என்று வரிசையாக எழுதுங்கள்: அவள், அந்தப் பெண், ஒரு தோழி, தம்பி, அம்மா, அப்பா. ஒவ்வொருவருக்கும் எந்த அத்தியாயத்தில், எப்படித் தெரிகிறது என்று குறியுங்கள். எல்லோரிடமும் அவளே சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால் தம்பி பாட்டு கேட்க எடுக்கும்போது மேலே வந்து விழும் ஒரு செய்தி போதும்.

அம்மா காட்சியில் அழுகையையும் அடியையும் எடுத்துவிடுங்கள். பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் அம்மா தலை நிமிராமல் முதலில் கேட்பது, “வேற யாருக்குத் தெரியும்?” அடுத்தது, “அப்பாகிட்ட மூச்சு விடாத.” இப்போது ரகசியம் அம்மாவுக்கும் சொந்தமாகிவிட்டது. இனி அவளும் கணவனிடம் நடிக்க வேண்டும், நாத்தனார் போனை எடுக்கப் பயப்பட வேண்டும். சொல்லுதல் ஒவ்வொன்றும் கேட்டவர் தலையில் ஒரு சுமையை ஏற்றினால் கதை தானாக நடக்கும். கார்டன் நாவலில் இந்தச் சுமை மிகக் கொடுமையாக இறங்குகிறது: பள்ளி லைசாவை வெளியேற்றவில்லை. சேர்ந்து வாழும் இரண்டு ஆசிரியைகள்தான் வேலையை இழக்கிறார்கள்.

பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போய் ‘மாற்றும்’ காட்சி வைப்பதாக இருந்தால் கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் இத்தகைய சிகிச்சையைத் தடுக்க உத்தரவிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இன்றைய கதையில் டாக்டர் கூச்சமில்லாமல் மாத்திரை எழுதித் தந்தால், அவர் செய்வது தப்பு என்று கதைக்குள் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் யாரையும் சாகடிக்காதீர்கள், அவசரக் கல்யாணமும் வேண்டாம். லைசா கடைசியில் ஆனிக்குப் போன் போடுகிறாள், காதல் திரும்பக் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் இத்தகைய கதைகளுக்கு அப்படியொரு முடிவு அபூர்வம். 1993இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். பக்கத்து ஊரான ஓலேத்தாவில் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்தார்கள். மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்து 1995இல் வென்றார்கள். உங்கள் நாவலுக்கும் அப்படிக் காத்திருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அம்மா அத்தியாயத்தைத் திருத்தியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்