தண்ணீர்த் துறைக்குப் போக விரும்பும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பிரிவு. மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. குடிநீர், நீர்வளம் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். 'தண்ணி டேங்க் பார்க்கிற வேலைக்கா இவ்வளவு செலவு செய்யப் போறீங்க?' என்கிறார்கள் உறவினர்கள். நீர் மேலாண்மை என்ற பெயரிலேயே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, உடனே வந்து சேருங்கள் என்று ஒரு கல்லூரியிலிருந்து போன் செய்தார்கள். சேர்த்துவிடலாமா? பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா?
— ஓர் அம்மா, தருமபுரி மாவட்டம்

அம்மா, வணக்கம். நீங்கள் கேட்டதில் அவசரமானது அந்தப் போன்தான். முதலில் அதை முடித்துவிடுவோம். இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம், முன்பணமும் கட்ட வேண்டாம்.

நீர் மேலாண்மை மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. இளநிலையிலேயே அந்தப் பெயரில் பட்டம் வாங்குவதுதான் சிக்கல். அரசு வேலை அறிவிப்புகளில் கல்வித் தகுதி என்ற இடத்தில் சிவில் இன்ஜினியரிங், வேதியியல், நிலவியல் என்று பட்டத்தின் பெயரே எழுதியிருக்கும். உங்கள் மகளின் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், அது இதற்கு இணையானது என்று சொல்லும் அரசாணையை டிஎன்பிஎஸ்சி கேட்கும். அது இல்லையென்றால், தேர்வில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்போடு நின்றுபோகும். அப்படி நின்றுபோன பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். பாடமெல்லாம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

அதனால் என் யோசனை இதுதான்: இளநிலையில் எல்லோருக்கும் தெரிந்த அடிப்படைப் பாடம் ஒன்று, முதுநிலையில் தண்ணீர். இந்த வரிசையில் போனால் எந்தக் கதவும் மூடாது. நடுவில் மகளின் மனசு மாறினாலும் நஷ்டமில்லை.

அடுத்து, உறவினர்கள் சொல்வது. இதற்குப் பதில் சொல்ல உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் அந்தப் பாறை இடுக்குகளில் வருடக்கணக்கில் தங்கும்போது ஃப்ளோரைடு கரைந்து தண்ணீரில் சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு மிக அதிகமாகி, பல வருடம் குடித்துவந்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இது நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி ஃப்ளோரைடு அப்படியே தங்குவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

இந்த ஒரு பிரச்சினைக்கு எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று பாருங்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று கண்டுபிடித்துச் சொல்ல வேதியியல் படித்தவர் வேண்டும். எந்தப் பாறையில், எவ்வளவு ஆழத்தில் போர் போட்டால் ஆபத்து என்று சொல்ல நிலவியல் படித்தவர் வேண்டும். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாயில் கொண்டுவர இன்ஜினியர்கள் வேண்டும். ஜப்பானிய நிதியுதவியோடு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. திட்டம் வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. காவிரித் தண்ணீர் குறைவாக வரும் நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றினால் ஃப்ளோரைடு மறுபடி கூடும். அதை அளந்து எச்சரிக்க ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது இப்படிப்பட்ட வேலைக்குத்தான். டேங்க் பார்க்கிறவரும் இதில் முக்கியமான ஆள்தான், அவரைக் குறைத்துப் பேச வேண்டாம். அவர் எவ்வளவு ப்ளீச்சிங் பவுடர் கரைக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுமா என்பது இருக்கிறது.

சரி, எந்த அடிப்படைப் பாடம்?

சிவில் இன்ஜினியரிங்தான் வாய்ப்பு அதிகமுள்ள வழி. நம் அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால் வேலைகளில் பெரும்பகுதி மாநில அரசிடமே இருக்கிறது: குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம், நீர்வளத் துறை, மாநகராட்சிகள், நகராட்சிகள். உதவிப் பொறியாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாய், படிகள் தனி. மத்திய நீர் ஆணையத்துக்குப் போக வேண்டுமென்றால் யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு. பி.இ. முடித்துக் கேட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடி மெட்ராஸில் சுற்றுச்சூழல், நீர்வளப் பொறியியலும், அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தில் நீரியலும் படிக்கலாம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதால் முதுநிலைச் செலவை நினைத்து இப்போதே கலங்க வேண்டாம். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே ஏற்கும். நீங்கள் இதைக் குறிப்பிடவில்லை, பொருந்துமானால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

மகளுக்கு ஆய்வக வேலையில் மனம் ஒட்டுகிறது என்றால் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. வேதியியல். குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள், ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் என்று இடங்கள் உண்டு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியார் ஆய்வகத்தில் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அந்த வருடங்களில் கருவிகளைக் கையாளக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் பிறகு நல்ல இடம் அமைகிறது.

நிலவியலைப் பெற்றோர் யாரும் கேட்பதே இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. அந்த நீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று படிக்கும் துறைக்குப் பிள்ளைகள் போவதில்லை. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற இடங்களில் நிலவியல் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்தால் யுபிஎஸ்சியின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானி ஆகலாம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கும் அதே தேர்வில் தனிப் பிரிவு உண்டு. இடங்கள் குறைவு, ஆண்டுதோறும் ஒரே எண்ணிக்கையில் வருவதும் இல்லை. இதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

தனியார் துறையைப் பற்றியும் கொஞ்சம். சென்னைக்கு நெம்மேலியில் கடல்நீர் குடிநீராகிறது. 2019-ல் ஏரிகள் வறண்டு சென்னை தவித்த அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மறுபடி சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் ஓட ஆரம்பித்தன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் அங்கே பட்டறை ஓட்ட முடியும் என்றானது. இவற்றையெல்லாம் இரவும் பகலும் ஓட்டுகிறவர்கள் கெமிக்கல் இன்ஜினியர்களும் வேதியியல் பட்டதாரிகளும்தான்.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் குடிநீரைச் சோதிக்க ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் வீட்டில் முதலில் கவனிப்பது பெண்கள்தானே. ஆய்வக வேலை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில், பகல் நேரத்தில். வாரியத்தில் பொறியாளரானால் ராத்திரியில் மெயின் குழாய் உடைந்தாலும் போன் வரும். நீர்நிலவியல் என்றால் சில நாட்கள் வெளியூரில் தங்கிக் கிணறு கிணறாக மட்டம் அளக்க வேண்டியிருக்கும். பெண்கள் இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு எது பிடிக்கும் என்பதை அவளே பார்த்து முடிவு செய்யட்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் குடிநீர்ச் சோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சி பெற்ற அந்தப் பெண்களோடு மகள் ஒரு நாள் போகட்டும். பெட்டியில் இருக்கும் சின்னக் குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கறுத்துப்போனால் மலக்கழிவுக் கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். முடிந்தால் குடிநீர் வாரிய ஆய்வகத்துக்கு அனுமதி கேட்டு அழைத்துப் போங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதை அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குழாய் வாயைத் துடைத்து, தீயில் வாட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிப்பார்கள். அதில் முன்கூட்டியே துளி சோடியம் தயோசல்பேட் இருக்கும். இல்லாவிட்டால் தண்ணீரிலுள்ள குளோரின் போகிற வழியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும், கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அறிக்கை வரும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி. இவ்வளவு பொறுமையும் நேர்மையும் கேட்கிற வேலை இது. பார்த்துவிட்டு வந்து 'அது ஏன், இது எப்படி' என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தால் வேதியியலில் தைரியமாகச் சேருங்கள். பம்பும் குழாயும் தொட்டியும்தான் அவள் கண்ணில் நின்றது என்றால் சிவில்.

கவுன்சலிங் விருப்பப் பட்டியலில் சிவிலுக்கு கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி), சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றை முதலில் வையுங்கள். கூடவே அரசு கலைக் கல்லூரிகளில் வேதியியலுக்கும் நிலவியலுக்கும் விண்ணப்பித்து வையுங்கள், அந்தக் கட்டணம் பெரிதில்லை. எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, ஆய்வகத்தில் கருவிகளை மாணவர்கள் தொட்டு இயக்குகிறார்களா, அல்லது ஆசிரியர் செய்வதை எட்டி நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். உங்களுக்குப் போன் செய்த கல்லூரி மறுபடி கூப்பிட்டால், அவர்கள் பட்டம் பி.எஸ்சி. வேதியியலுக்கோ பி.இ. சிவிலுக்கோ இணையானது என்று சொல்லும் அரசாணையின் எண்ணையும் தேதியையும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால் அதையும் மகளின் மதிப்பெண் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.