அப்பாவின் திதி புதனா, வியாழனா?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: "அப்பா தவறியது ஐப்பசி தேய்பிறை தசமி. தினசரி காலண்டரில் புதன் பகல் 2.30 வரை நவமி, வியாழன் பகல் 1.53 வரை தசமி. செல்போன் ஆப்பில் புதன் காலை 11 மணிக்கே தசமி தொடங்கி, வியாழன் 10.20-க்கு முடிகிறது. எந்த நாளில் திதி கொடுப்பது? நாள் தவறினால் தோஷம், 15,000 ரூபாயில் பரிகாரம் என்கிறார் ஒருவர்."

புதன்கிழமை கொடுங்கள். காலண்டர் கணக்குப்படியும் புதன்தான், ஆப்பின்படியும் புதன்தான்.

காலண்டர் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பது சூரியன் உதிக்கும்போது உள்ள திதி. பண்டிகை, விரதங்களில் பலவற்றுக்கு அது போதும். சிராத்தத்துக்குப் பார்க்க வேண்டியது அபரான்னம். பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு. ஐப்பசியில் நம் பக்கம் ஏறக்குறைய 1.10 முதல் 3.30 வரை. அந்த நேரத்தில் தசமி எந்த நாளில் இருக்கிறதோ அதுவே உங்கள் நாள். ஆப் கணக்கில் புதன் அபரான்னம் முழுக்க தசமி. வியாழன் துளியும் இல்லை. காலண்டர் கணக்கில்தான் சிக்கல், இரண்டு நாளிலும் தொடுகிறது. அப்போது எதில் அதிகம் என்று பாருங்கள். புதன் 2.30 முதல் 3.30 வரை ஒரு மணி நேரம். வியாழன் 1.10 முதல் 1.53 வரை முக்கால் மணிகூட இல்லை. ஆக, புதன். பஞ்சாங்கப் புத்தகத்தில் 'சிராத்த திதி' என்று தனியாகவே போட்டிருக்கும்; அதைப் பார்த்தால் இந்தக் கணக்கே வேண்டாம். புதன் 12 முதல் 1.30 வரை ராகு காலமாயிற்றே என்று குழம்பாதீர்கள், சிராத்தத்துக்கு அது பார்ப்பதில்லை.

நேரம் ஏன் வேறுபடுகிறது? காலண்டர் போடுவது வாக்கியப் பஞ்சாங்கம், சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும் 248 சந்திர வாக்கியங்களை வைத்துப் போடும் பழைய கணக்கு. ஆப் போடுவது திருக்கணிதம், வானில் கிரகங்கள் இப்போது இருக்கும் நிலைக்கு ஏற்பத் திருத்திய கணக்கு. இந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் 1952-ல் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு போட்டார்கள். நம் வீட்டுச் சுவரில் ஒன்றும் மாறவில்லை. எந்தக் கணிதம் என்று ஒரு வரி அச்சடிக்கக்கூடப் பல காலண்டர்காரர்களுக்கு மனசு வருவதில்லை. 2023-ல் ஜனவரியிலேயே சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறில் டிசம்பர் 20-ல்தான் நடந்தது. இந்த இடைவெளிதான் புரோக்கர்களுக்கு வயல். ஒரே பெயர்ச்சிக்கு இரண்டு தடவை வேன் ஏற்றி, இரண்டு தடவை பரிகாரம் செய்ய வைத்தார்கள்.

உங்களிடம் 15,000 கேட்டவரும் அந்த ரகம்தான். திதி உண்மையிலேயே தவறிப்போனால்கூட, அடுத்து வரும் தேய்பிறை ஏகாதசியிலோ அமாவாசையிலோ கொடுக்கலாம். அதற்கு எள், தண்ணீர், தர்ப்பை, வாத்தியார் தட்சிணை, இவ்வளவுதான். "பேக்கேஜ்" என்ற சொல் காதில் விழுந்தால் போனை வைத்துவிடுங்கள்.

அப்புறம், வாத்தியாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஐப்பசியில் காவிரி நீராடலுக்கு மயிலாடுதுறை துலாக்கட்டத்துக்குப் போய்விட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்.