தன்பாலினத் திருமணம்: சட்டம் இன்று எங்கே நிற்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவுதான் போய்விட்டதே, அப்புறம் ஏன் எங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய மறுக்கிறார்கள்? (வாசகர், திருச்சி)

2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம் செய்தது ஒரே காரியம்தான். வயதுவந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்றது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தப் பிரிவு இல்லை. உங்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் திருமணம் வேறு வழக்கு.

அதை 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்த்தார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயது சொல்கிறது. அதை ஆண் பெண் பாராமல் 'இருவர்' என்று வாசிக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஐவருமே மறுத்தார்கள். திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். இந்த ஜோடிகளின் சேர்க்கையை அரசு ஏதாவது ஒரு வகையில் அங்கீகரிக்க வேண்டும் என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் எழுதினார்கள். பட், கோஹ்லி, நரசிம்மா மூவரும் அதற்கும் இணங்கவில்லை. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

ஆகவே சார்பதிவாளரோடு சண்டை போட்டுப் பயனில்லை. நாடாளுமன்றத்தைப் பார்த்துக் கைகாட்டியதில் எனக்கு உடன்பாடும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எழுபது வருஷம் 377-ஐத் தொடாமல் விட்டதும் அதே நாடாளுமன்றம்தானே.

நான் திருநங்கை. என்னை மணக்க இருப்பவர் ஆண். எங்களுக்கும் இதே கதிதானா? (வாசகி, விழுப்புரம்)

இல்லை, உங்களுக்கு வழி இருக்கிறது. தூத்துக்குடியில் கோயிலில் நடந்த இப்படியொரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம். சுப்ரியோ தீர்ப்பும் ஆண், பெண் உறவில் இருக்கும் திருநர் மணம் செய்துகொள்ளலாம் என்பதை ஒப்புக்கொண்டது. அந்த 2019 தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். மறுத்தால் எழுத்துமூலம் காரணம் கேளுங்கள்.

என் மகளுக்கு 24 வயது. தோழியோடுதான் வாழ்வேன் என்று போய்விட்டாள். போலீசில் சொல்லிக் கூட்டி வந்து, டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். (ஒரு தாய், வேலூர் மாவட்டம்)

வேண்டாம் அம்மா. இரண்டுமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

முதலில் டாக்டர் விஷயம். இதற்குச் சிகிச்சை என்று ஒன்றும் கிடையாது. அப்படி மாற்றுகிறேன் என்று சொல்வதை 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை செய்தார். (அந்த வழக்கை விசாரிக்கும்போது தனக்கே இது புரியவில்லை என்று சொல்லி, ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவர் அவர்.) அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

போலீஸ் விஷயம்: மகள் மேஜர். விருப்பமில்லாமல் வீட்டில் வைத்தால் தோழி ஆட்கொணர்வு மனு போடலாம். உங்கள் மாவட்டத்திலிருந்தே அப்படி ஒரு வழக்கு வந்து, 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை அவள் விரும்பிய இடத்துக்கு அனுப்பியது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பில் தாயைப் பற்றியும் ஒரு வரி வருகிறது. மகனின் இயல்பை ஏற்றுக்கொண்ட நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லாத் தாயும் இருந்துவிட முடியாது என்று நீதிபதிகள் பரிவோடுதான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தவிப்பு அவர்களுக்கும் புரிகிறது. மகளுக்கு ஒரு போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

பதினைந்து வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம், இருவருமே ஆண்கள். வீடு என் பெயரில். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? (வாசகர், கோவை)

நான் எதிர்பார்த்த கேள்வி இதுதான். உயில் எழுதாமல் நீங்கள் போய்விட்டால், மணமாகாத இந்து ஆணின் சொத்து முதலில் தாய்க்கு. அவர் இல்லையென்றால் தந்தை, பிறகு உடன்பிறந்தோர். துணைவர் அந்த வரிசையில் எங்குமே இல்லை.

நாமினி போட்டிருக்கிறேன் என்பீர்கள். போடுங்கள், நல்லதுதான். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணைவரை நாமினியாக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. ஆனால் நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர்தான், வாரிசு ஆகிவிட மாட்டார். உச்ச நீதிமன்றம் இதை 1983-லிருந்து சொல்லிக்கொண்டு வருகிறது. பி.எஃப். இன்னும் மோசம். உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் இருந்தால், வெளியாளுக்குப் போட்ட நாமினேஷனே செல்லாது.

வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் பாருங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்கு செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. சட்டத்தின் கண்ணில் உங்கள் துணைவர் வெளியாள், ஆகவே 7 சதவீதம். மேலும் உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்பு, வாங்குபவரின் வருமானமாகக் கணக்காகி வரி போடப்படும். உயிலின் வழியே வருவதற்கு இந்த வரி இல்லை.

எனவே உயில். இரண்டு சாட்சிகள் போதும், துணைவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். பின்னால் அண்ணன் தம்பி யாராவது 'அது அவன் கையெழுத்தே இல்லை' என்று கிளம்பினால் அப்போது கைகொடுக்கும். உங்களுக்குப் பரம்பரையாக வந்த பங்கு ஏதேனும் இருந்தால் தனியாகக் குறிப்பிடுங்கள். ஆஸ்பத்திரி முடிவுகளுக்குத் துணைவரை அதிகாரப்படுத்தி ஒரு கடிதமும் எழுதி வையுங்கள்.

'குடும்ப இணைவுப் பத்திரம்' என்று ஏதோ படித்தேனே? (அதே வாசகர்)

சேர்ந்து வாழும் இருவர் தங்கள் உறவைப் பத்திரமாகப் பதிந்துகொள்ளும் யோசனை அது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை நல்லதென்று சொல்லி, தமிழக அரசைப் பரிசீலிக்கச் சொன்னார். சட்டம் ஆகவில்லை. பத்திர எழுத்தர் யாராவது அந்தப் பெயரில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் சட்டப்படி மணந்தோம். இந்தியா திரும்பினால் செல்லுமா? (வாசகி, நியூ ஜெர்சி)

அங்கே 2015 முதல் முழு உரிமை. இங்கே இறங்கியதும் இரண்டு தனி நபர்கள். தாய்லாந்து, தைவான், நேபாளம் எங்கே பதிவு செய்திருந்தாலும் இதே பதில். கோவைக்காரருக்குச் சொன்ன உயிலை நீங்களும் எழுதுங்கள், இந்தியச் சொத்துக்குத் தனியாக.

நாங்கள் குழந்தையைத் தத்தெடுக்கலாமா? (வாசகி, சென்னை)

ஜோடியாக முடியாது. இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்கிற 2022 விதிமுறையை 3-2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்தது. உங்களில் ஒருவர் தனி நபராக விண்ணப்பிக்கலாம். (தனி ஆணுக்குப் பெண் குழந்தை தர மாட்டார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.) அப்போது சட்டப்படி அம்மா ஒருவர்தான். இன்னொருவரை உங்கள் உயிலில் குழந்தையின் காப்பாளராகக் குறிப்பிட மறக்காதீர்கள்.