பின்னால இருக்க காலி இடத்துக்கு சிட்டி லெட்டர் வந்திருக்கா தம்பி, பயப்படாத, ஆனா ஹியரிங்குக்குப் போ

தம்பி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஒஹாயோவுல ஒரு சின்ன சிட்டில வீடு வாங்கி நாலு மாசம், வீட்டுக்குப் பின்னால கெடக்க காலி இடத்த வீடு மட்டும் கட்டற ஆர்-1 சோன்ல இருந்து கடை, தொழிலுக்குன்னு கமர்ஷியலா மாத்தணும்னு ஒருத்தர் மனு போட்டிருக்கார்னு லெட்டர் வந்திருக்கு, பெட்ரோல் பங்க் வருதுன்னு பேச்சு, நீ எச்1பி வேல விசா, சிட்டி ஹியரிங்ல போய்ப் பேசலாமா, யாரப் பிடிக்கணும். இதுதான கேட்டிருக்க. சொந்த ஊர் களியக்காவிளைன்னு சொன்ன பெறவு நீங்க நாங்கன்னு எழுத எனக்கு வரல, கோவிச்சுக்காத.

பேசலாம். நீ சிட்டிசனான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, பேரும் அட்ரஸும் சொன்னா போதும், ஓட்டுப் போடறது வேற இது வேற. யாரப் பிடிக்கணும்ங்கறதுக்குத்தான் பதில் கொஞ்சம் நீளம்.

நானும் மார்த்தாண்டம் பக்கம்தான். எனக்க அத்தைய கட்டிக் குடுத்தது பார்டர் தாண்டி கேரளாவுல பாறசாலையில. அங்க வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டுல இடத்துக்கு 'புரையிடம்'னு இருந்தா வீடு வைக்கலாம், 'நிலம்'னு இருந்தா அது வயல். அத்தைக்க 12 சென்ட்ல தென்ன நின்னு முப்பது வருஷம் ஆச்சு, பேப்பர்ல மட்டும் இன்னும் நிலம்! 2008ல கேரளாவுல வந்த நெல்வயல் சட்டத்துக்குப் பெறவு அது டேட்டா பேங்க்ங்கற வயல் லிஸ்ட்லயும் ஏறிட்டு, அதுல இருந்து எடுக்க ஃபார்ம் 5, கிருஷி பவன்ங்கற விவசாய ஆபீஸ், ரெவின்யூ ஆர்டிஓ ஆபீஸ்னு அத்தான் நடந்த நடைக்கு செருப்பு தேஞ்சு போச்சு. அதே அத்தான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நம்ம ஸ்டேட்ல வாங்கின மனைக்கு நிலம் புரையிடம்னு ஒரு பேச்சும் இல்ல, ஆனா 2016ல ஹைகோர்ட் ஆர்டர் வந்ததும் அப்ரூவல் இல்லாத மனைன்னு பத்திரம் பதிய முடியாம அது ஒரு பக்கம் நின்னுச்சு. அதனால பார்டர்ல வளந்த நமக்கு சோனிங், அதாவது எந்த இடத்துல என்ன கட்டலாம்னு பிரிச்சு வைக்கறது, புதுசு இல்ல, இங்க எழுத்து மட்டும்தான் வேற, ஆர்-1, பி-2ன்னு.

நீ ஒஹாயோன்னு சொன்னதால ஒண்ணு சொல்றேன், இந்தக் கூத்து கோர்ட்ல செல்லும்னு ஆனதே நாம ரெண்டு பேரும் இருக்க இந்த ஒஹாயோவுலதான். கிளீவ்லாண்டுக்குப் பக்கத்துல யூக்ளிட்னு ஒரு வில்லேஜ், ஆம்ப்லர்ங்கற ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு அங்க 68 ஏக்கர், ஃபேக்டரிக்கு வித்தா நல்ல காசுன்னு வச்சிருந்தாங்க, வில்லேஜ் அத வீட்டுக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவுன்னு பிரிச்சிருச்சு. கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1926ல வில்லேஜ் ஜெயிச்சுது.

மொத வேலையா அந்தக் காலி இடம் சிட்டி எல்லைக்குள்ளதான் இருக்கான்னு பாரு. தபால் அட்ரஸ்ல சிட்டி பேர் இருந்தாலும் இடம் சிட்டிக்கு வெளிய டவுன்ஷிப்ங்கற தனி நிர்வாகத்துல கெடக்கலாம், அங்க சட்டப் புத்தகம் வேற, கேக்க வேண்டிய ஆபீஸும் வேற. ஒரு பக்கம் தமிழ்நாடு, மறு பக்கம் கேரளான்னு களியக்காவிளை ஜங்ஷன்ல நின்னவனுக்கு இத விளக்க வேண்டாம்.

அடுத்தது, கேட்டிருக்கது என்ன வகைன்னு பாரு. இடத்தோட சோனையே மாத்தற ரீசோனிங், அந்த சோன்ல தனி அனுமதி வாங்கி நடத்தற கண்டிஷனல் யூஸ், ஒரு ரூல்ல இருந்து விலக்கு கேக்கற வேரியன்ஸ்னு மூணு உண்டு, முடிவெடுக்கற ஆள் மாறும், அவங்க பாக்கற விஷயமும் மாறும். வேரியன்ஸ் கோர்ட் மாதிரி. அது எனக்கு எப்படித் தெரியும்னா சொந்தமா அடி வாங்கினேன்.

வீடு வாங்கின ரெண்டாம் வருஷம் பின்னால பனி தள்ற மெஷின் வைக்க 12க்கு 16 அடியில ஒரு ஷெட் போட்டேன், வேலிக்கு மூணடி தள்ளி, பெர்மிட்டு கிர்மிட்டுன்னு ஒண்ணும் எடுக்கல, நம்ம வீடு நம்ம இடம்னு நெனப்பு. ரூல் பத்தடி. யாரோ சொல்லிக் குடுத்து லெட்டர் வந்துட்டு. சரி வேரியன்ஸ் கேப்போம்னு 250 டாலர் கட்டினேன், ஜெயிச்சாலும் தோத்தாலும் திரும்ப வராத காசு அது. வேரியன்ஸ் போர்டு ஹியரிங் அன்னைக்கு ராத்திரி வலது கையத் தூக்கி சத்தியம் பண்ணச் சொன்னாங்க, எனக்கு தொண்ட வறண்டு போச்சு. சேர்மன் ஒரு அம்மா, ரிட்டயர்டு டீச்சர், மெதுவா கேட்டாங்க, நீ வாங்கும்போதே இந்த ரூல் இருந்துதா? இருந்துது. ஷெட்ட வேற எடத்துல வைக்க முடியுமா? எடம் நெறைய கெடக்கு, முடியும்னுதான் சொல்லணும். அதோட கத முடிஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரர் ஷெட் வேலிய ஒட்டியே நிக்குதே அதுக்கென்னன்னு கேட்டேன், அது ரூல் வர்றதுக்கு முன்னாடி கட்டினது, அது பாட்டுக்கு நிக்கலாம், விழுந்தா அதே எடத்துல திரும்பக் கட்ட முடியாதுன்னாங்க. அஞ்சு பேர், அஞ்சும் 'நோ'. கோர்ட்டுக்குப் போகணும்னா முப்பது நாள் டைம்னு பேப்பர் குடுத்தாங்க, ஷெட்டுக்கு எவன் வக்கீல் வைப்பான். ஒரு சனிக்கிழம நாலு ஃபிரண்ட்ஸக் கூப்பிட்டு அடியில பைப்பக் குடுத்து, கொளச்சல் கடப்புறத்துல வள்ளம் தள்ற மாதிரி ஏலேலோ போட்டு ஏழடி நகத்தினோம், பக்கத்து வீட்டுக்காரர் பீர் வாங்கிட்டு வந்து வேடிக்க பாத்தார்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த அம்மா கேட்டது எதுவும் அவங்க இஷ்டத்துக்குக் கேட்டது இல்ல. 1986ல மிடில்ஃபீல்டுங்கற ஊர் கேஸ்ல ஒஹாயோ சுப்ரீம் கோர்ட் ஏழு விஷயம் எழுதி வச்சிருக்கு, வாங்கும்போது ரூல் தெரியுமா, வேற வழி உண்டாங்கறதெல்லாம் அதுல வருது. அத முன்னாடியே படிச்சிருந்தா 250 டாலர் மிச்சம்.

உன்னோடது ரீசோனிங். அது கோர்ட் இல்ல, அரசியல். மொதல்ல பிளானிங் கமிஷன்ங்கற சிட்டி குழு பாத்து கவுன்சிலுக்கு சிபாரிசு பண்ணும், எங்க ஊர்ல கமிஷன் சொன்னதுக்கு மாறா கவுன்சில் போகணும்னா நாலுல மூணு பங்கு ஓட்டு வேணும், அதனால எல்லாரும் கடைசி கவுன்சில் மீட்டிங்ல போய் கத்தறாங்க பாரு, அதுக்குள்ள பாதி முடிஞ்சிருக்கும். கமிஷன் நடக்கற அன்னைக்கே போ. அதுக்கு முன்னாடி சிட்டி ஹால்ல பிளானிங் கவுண்டர் இருக்கும், லெட்டர்ல இருக்க கேஸ் நம்பரச் சொல்லி ஃபைலக் கேளு, தருவாங்க, அந்த மனுவப் பத்தி பிளானிங் ஆபீஸ்காரங்க எழுதற ஸ்டாஃப் ரிப்போர்ட் ரெடியாச்சான்னும் கேளு. இருபதாயிரம் பேர் இருக்க ஊர்ல கமிஷன்ல உக்காந்திருக்கது பல் டாக்டர், ஹார்டுவேர் கடைக்காரர் மாதிரி ஆளுங்க, சாயங்காலம் வேல முடிச்சு வந்து அந்த ரிப்போர்ட்டத்தான் புரட்டுவாங்க. ஆளப் பிடிக்கணும்னா அத எழுதற ஸ்டாஃபப் பிடி, காசு வேண்டாம் சிபாரிசும் வேண்டாம், அரை மணி நேரம் பேசினாப் போதும். கவுன்சில் மெம்பருக்கு ஃபோன் போடறதும் ரீசோனிங்ல தப்பில்ல, ஆனா வேரியன்ஸ் போர்டு மெம்பருக்கு தனியா போட்றாத, கேஸ் நடக்கும்போது ஜட்ஜ் வீட்டுக் கதவத் தட்டற மாதிரி அது.

அங்க ஒரு அழகான படம் காட்டுவாங்க, காபி கடை, ரெண்டு மரம், சைக்கிள்ல ஒரு பொண்ணு. அதப் பாத்து மயங்காத. சோன் மாறிட்டுன்னா அந்த சோன்ல என்னெல்லாம் அனுமதி உண்டோ அதுல எதுவும் வரலாம், படத்துல உள்ளதுதான் வரணும்னு இல்ல. அதனால சிட்டியோட சோனிங் சட்டப் புத்தகத்துல அந்த சோனுக்குக் கீழ உள்ள லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொண்ணா படி. பெட்ரோல் பங்க் நேரா அனுமதியா, கண்டிஷனல் யூஸான்னு பாரு. கண்டிஷனல்னா சோன் மாறின பெறவும் அதுக்குன்னு தனியா ஒரு ஹியரிங் வரும், அங்க லைட் எத்தன மணிக்கு அணைக்கணும், வேலி எவ்வளவு ஒசரம், லாரி எந்தப் பக்கம் நுழையணும்னு கண்டிஷனா எழுதி வாங்கலாம். வாயால சொன்ன வாக்கு காத்துல போயிரும், பேப்பர்ல ஏறணும்.

பேச பெரும்பாலும் மூணு நிமிஷம்தான் குடுப்பாங்க, எங்க ஊர்ல பச்ச லைட் மஞ்சளாகி செவப்பாகும். என் வீட்டு வெல எறங்கிரும்னு தொடங்கினா முக்கால்வாசி பேர் காதுல ஏறாது, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அந்த இடம் நகரத் திட்டத்துல என்னவா காட்டியிருக்கு, ஸ்கூல் பஸ் எங்க நிக்குது, தண்ணி எந்தப் பக்கம் வடியுதுன்னு பேசு. எங்க ஊர்ல ஒரு தாத்தா வாயே தெறக்கல, பேஸ்மென்ட்ல முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கற போட்டோ நாலு குடுத்துட்டு உக்காந்துட்டார், அன்னைக்கு டெவலப்பர் கேஸ ரெண்டு மாசம் தள்ளி வச்சாங்க.

இன்னொண்ணு, வருத்தத்தோடதான் சொல்றேன். எங்க ஊர்ல அபார்ட்மென்ட் வந்தப்ப எதுத்துப் பேசினதுல நம்ம ஆளும் ஒருத்தர், வாடகைக்கு வர்றவங்களால ஏரியா கெட்டுப் போகும்னார். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் அவரே அபார்ட்மென்ட்லதான் இருந்தார். அந்த அபார்ட்மென்டுக்கு வரப்போறவன் அன்னைக்கு ஹால்ல இல்ல, இருக்கவும் மாட்டான், வீடு உள்ளவன் குரல் மட்டும்தான் அங்க கேக்கும். நீ அந்தப் பேச்சப் பேசாத, பங்க்கப் பத்தி மட்டும் பேசு.

மழ பெய்யும்போது பின்பக்கம் போய் போட்டோ எடுத்து வை. ஃபோன்ல காட்டினா பத்தாது, பிரிண்ட் போட்டு எட்டு காப்பி கொண்டு போ, மெம்பர்ஸுக்குக் குடுத்துட்டு ஒண்ண கிளர்க்கிட்ட குடு, ஃபைல்ல சேத்துருவாங்க. ஹியரிங் தேதி சொல்லலியே நீ, அதப் போடு, எனக்கு லீவு கிடைச்சா நானும் வந்து பின்வரிசையில உக்காந்துக்கறேன்.