சிவப்பு மூடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுப் பூனை பொன்னனுக்கு வயது 11. கருத்தடை செய்த ஆண். கொழுகொழுவென்று இருந்தவன் போன ஆடியில் திடீரென்று இளைத்தான், ஓயாமல் தண்ணீர் குடித்தான். சர்க்கரை நோய் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஆறு மணிக்கு கிளார்ஜின் இன்சுலின், இரண்டு யூனிட். நன்றாகத் தேறிவந்தான்.

சென்ற வாரம் வழக்கமான சிரிஞ்சு தீர்ந்துபோய், கடையில் சிவப்பு மூடி போட்ட வேறொன்றைக் கொடுத்தார்கள். அன்று மாலை அவன் அரைவயிறுதான் சாப்பிட்டான். இருந்தும் ஊசி போட்டேன். இரவு பத்து மணிக்குக் கால்கள் பின்னிக்கொண்டு சுவரில் முட்டினான். பிறகு வலிப்பு. தேனை வாயில் தடவிக்கொண்டே ஆட்டோவில் ஓடினோம். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது 370 காட்டியது. இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

ஊசியைத் தொட்டாலே கை நடுங்குகிறது. சாப்பிடாதவனுக்குப் போட்டுவிட்டேனே என்று தூக்கமில்லை. பால்சோறு கொடுத்து வளர்த்ததால்தான் நோய் வந்ததா? ‘மனிதனுக்கே மருந்து வாங்க வழியில்லை, பூனைக்கு இன்சுலினா’ என்கிறார் கொழுந்தனார். அடுத்த மாதம் திருநெல்வேலியில் நாத்தனார் மகள் கல்யாணம். இரண்டு நாள் போகாமல் இருக்க முடியாது. என்ன செய்வது?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

நான் மருத்துவன் இல்லை. நீரிழிவு வந்த பூனையோடு சில வருடங்கள் குடித்தனம் நடத்தியவன். அந்த உரிமையில் சொல்கிறேன், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நீங்கள் அரைவயிற்றுச் சாப்பாட்டை நினைத்து நொந்துகொள்கிறீர்கள். என் கண்ணில் பட்டது சிவப்பு மூடி. முதலில் ஃபிரிட்ஜில் இருக்கும் குப்பியை எடுத்துப் பாருங்கள். கிளார்ஜின் வழக்கமாக மில்லிக்கு 100 யூனிட் செறிவில் வருவது. அதற்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி போட்டது மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. நம் கடைகளில் 40 கணக்கு இன்சுலினும் தாராளமாக விற்பனையாவதால் இரண்டு வகை சிரிஞ்சும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சில் இரண்டு கோடு இழுத்தால் 0.05 மில்லி. குப்பியில் 100 என்று அச்சிட்டிருந்தால், உள்ளே போனது ஐந்து யூனிட். இரண்டரை மடங்கு! சரியாகச் சாப்பிடாததும் அதோடு சேர்ந்துகொண்டது. குப்பியையும் மீதி சிரிஞ்சுகளையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைத் தொடுவதற்கு முன் இது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கடைக்காரரிடம் சண்டை போடுவதானால் போடுங்கள், என் ஆசி உண்டு.

அந்த 370ஐக் கண்டு மிரள வேண்டாம். பூனைக்குப் பயம் வந்தாலே சர்க்கரை ஏறும். கூண்டும் நாய்க் குரைப்பும் தெரியாத கைகளுமாக இருக்கும் இடத்தில், நோயே இல்லாத பூனைக்குக்கூட 300 தாண்டுவதுண்டு. பொன்னனுக்கு குளுக்கோஸ் வேறு ஏற்றியிருக்கிறார்கள். ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று வாரங்களின் போக்கைச் சொல்லும். அது கிடைக்குமா என்று கேளுங்கள்.

அதைவிட நல்லது, வீட்டில் நீங்களே பார்ப்பது. காதின் ஓரமாக ஒரு மெல்லிய நரம்பு ஓடும், விளக்கு வெளிச்சத்தில் தெரியும். காதை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, பின்பக்கம் பஞ்சைக் கொடுத்து, அந்த நரம்பை ஒட்டி ஒரு குத்து. கடுகளவு ரத்தம் போதும். முதல் சில தடவை இருவருக்குமே பிடிக்காது. முடிந்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்துப் பாருங்கள், பிறகு அவனே வந்து உட்காருவான். மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அதற்காக, குறைவாகக் காட்டும்போது அலட்சியம் வேண்டாம். எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக்கூடாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டபின் முடி ஈரமாக இருக்கிறதே, மருந்து உள்ளே போயிற்றா இல்லையா என்று சந்தேகம் வரும். மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை ஊசி தப்பினால் குடி முழுகிவிடாது. இரட்டிப்பாகப் போனால் முழுகிவிடும். அதற்காகப் பயந்துகொண்டு நாள்கணக்கில் நிறுத்தினாலும் ஆபத்துதான்: ரத்தத்தில் கீட்டோன் என்ற நச்சுப்பொருள் சேர்ந்து, பூனை வாந்தி எடுத்து, சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிடும். தேன் தடவியது மிகச் சரி. ஈறில் தடவ வேண்டும், வாய்க்குள் ஊற்றக் கூடாது. வலிப்பின்போது பல்லுக்கிடையில் விரலை விடக் கூடாது. தேன் கொஞ்ச நேரம்தான் தாங்கும், இந்த வகை இன்சுலினோ மணிக்கணக்கில் வேலை செய்யும். அதனால் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு ஓடத்தான் வேண்டும். நீங்கள் ஓடினீர்கள்.

பால்சோறு? பூனை இறைச்சி தின்னப் பிறந்த பிராணி, சோறு அதற்கு உகந்ததில்லை. ஆனால் வயதான, பருத்த, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஆண் பூனைக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. பொன்னனிடம் இவையெல்லாம் இருந்தன, சோற்றின் மேல் மட்டும் பழி போட முடியாது. இப்போது ஆவேசப்பட்டு ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவே போட்டால் மறுபடியும் அதே இரவுதான். மருத்துவர் சொல்படி படிப்படியாக மாற்றுங்கள். நல்ல உணவும் சீரான ஊசியும் அமைந்து, சில மாதங்களில் இன்சுலினே வேண்டாத நிலைக்கு வரும் பூனைகளும் உண்டு. அப்படித் தேறும்போதும் பழைய அளவு ஆபத்தாகிவிடும் என்பதால் காதுக் குத்தை விட்டுவிடாதீர்கள்.

கொழுந்தனாருக்கு இதைச் சொல்லுங்கள். 1921இல் கனடாவின் டொரொன்டோவில் இன்சுலினை முதலில் நாய்களின் மேல்தான் சோதித்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில்தான் அது 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போனது. பிறகு சுமார் அறுபது வருடம் உலகத்துச் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டதெல்லாம் மாடும் பன்றியும் கொடுத்த கணைய இன்சுலின். இந்தக் கணக்கில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமாவோ அத்தையோ இல்லாத தெரு இன்று ஏது? உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருப்பார். அவர்களுக்கு ஊசிப் பயம் கிடையாது, பூனையின் தோலை மடித்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் போதும். ஒரு வாரம் முன்பிருந்தே உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். ஆரஞ்சு மூடி சிரிஞ்சை மட்டும் வெளியே வைத்து, சிவப்பு மூடியை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். சாப்பிடவில்லையென்றால் ஊசி போடாமல் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மருத்துவரைக் கேட்டுச் சொல்லலாம். அவருடைய எண்ணையும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். முகூர்த்த நேரமானாலும் நீங்கள் போனை எடுக்க வேண்டும்.